மௌலிக்குத் தெரிய வேண்டாம்

சுவாமிநாதன் பனிவண்டிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, நன்றாக இருந்த போல்ட் ஒன்றைத் தளர்த்திக்கொண்டிருந்தான். பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவன்தான். ஆனாலும் ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் தளரும் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருந்தது.

வண்டிக்கு முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ரப்பர் பட்டை, நடுவில் ஸ்கூட்டர் மாதிரி ஓர் இருக்கை. சறுக்குக் கட்டைகளுக்கு மேலே குலுக்கலைத் தாங்கும் வில்பட்டைகள். அவற்றைப் பிடித்திருப்பவை நான்கே போல்ட்டுகள்.

மியூனிக்குக்குத் தெற்கே, ஆல்ப்ஸ் மலைமேல், பனியை அளக்கும் ஆராய்ச்சிக் குடில் அது. வருஷம் 1973. குளிர்காலம் முழுவதும் அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர்: சுவாமிநாதனும் அவன் சிநேகிதன் சந்திரமௌலியும். மௌலி அந்த நேரம் மேட்டில் தெர்மாமீட்டர்களைப் பார்க்கப் போயிருந்தான்.

எல்லாம் முந்தின நாள் வந்த தந்தியால் வந்த வினை. கீழே கிராமத்துக்குப் பெட்ரோல் வாங்கப் போன மௌலிதான் அதையும் கொண்டுவந்தான்.

"உனக்குத்தாண்டா, ஊர்லேர்ந்து" என்று ஒட்டிய உறையை நீட்டிவிட்டுக் குளிக்கப் போனான். அந்தக் குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தான். பெட்ரோல் நாற்றம் போகவில்லையாம்.

தந்தி கொடுத்தவர் மௌலியின் அத்திம்பேர் சுந்தரராஜன். "மௌலி அப்பா ஞாயிறு காலமானார். காரியங்களைப் பெரியவன் செய்கிறான். வெள்ளிக்கிழமைப் பரீட்சை முடியும்வரை மௌலிக்குத் தெரிய வேண்டாம்."

ஆறு வருஷ உழைப்பு. வெள்ளிக்கிழமை மூன்று பேராசிரியர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னால் மௌலி டாக்டர் சந்திரமௌலி. தடுமாறினால் ஒன்றுமில்லை. வியாழக்கிழமை கீழேயிருந்து ஆள் வந்து அவனை அழைத்துப்போவான். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று அத்திம்பேர் நினைத்துவிட்டார். புதன்கிழமை மூன்று மணிக்கு மௌலி கிராமத்துத் தபாலாபீசிலிருந்து கும்பகோணத்துக்கு டிரங்க் கால் பதிவு செய்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் பரீட்சைக்குப் போவேன்" என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சுவாமிநாதனுக்குத் தகப்பனார் முகம் தெரியாது. மௌலியின் அப்பா எழுதும் கடிதம் ஒவ்வொன்றும் "சிரஞ்சீவி சுவாமியைக் கேட்டதாகச் சொல்" என்றுதான் முடியும். இப்போது அவனுக்கே ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. அழ இடமில்லை. குடிலில் ஒரே அறை.

"தந்தியில என்னடா?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டிருந்தான் மௌலி.

"அக்காவுக்குப் பொண் குழந்தை" என்று வாயில் வந்ததை உளறினான் சுவாமிநாதன்.

மௌலி ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தான். பிறகு டப்பாவிலிருந்த ரவையை எடுத்துக் கேசரி கிளற ஆரம்பித்துவிட்டான்.

"நீ சாப்பிடலையா?"

"பரீட்சைப் பயம். தொண்டையில இறங்கலை. நீ நன்னா சாப்பிடு, மாமாவாயிட்டே."

இழவுச் செய்தியைப் பையில் வைத்துக்கொண்டு சுவாமிநாதன் இரண்டு தட்டுக் கேசரி சாப்பிட்டான்.

அதன் விளைவுதான் செவ்வாய்க்கிழமைக் காலையில் இந்த ஸ்பேனர். போல்ட்டுகள் தளர்ந்தால் வண்டி ஆடும். ஆடினால் மௌலி போகமாட்டான்.

மௌலி வந்தான். வண்டியைக் கிளப்பினான். முன்பக்கம் கடகடவென்றது. இறங்கி, நான்கு போல்ட்டையும் பத்தே நிமிஷத்தில் இறுக்கினான்.

"குளிர்ல தானா தளர்ந்துடறது. நல்லவேளை பார்த்தேன். மலைச்சரிவுல கழண்டிருந்தா நான் காலி."

சுவாமிநாதன் அவன் முகத்தைப் பார்க்காமல் குடிலுக்குள் நழுவினான். அப்பா போன செய்தியை மறைக்கப் போய்ப் பிள்ளையையும் அவரோடு அனுப்பப் பார்த்தோமே! அரைகுறையாகத் தளர்த்துவதுதான் ஆபத்து என்று முடிவு செய்து, மத்தியானம் ஒரு போல்ட்டை முழுசாகக் கழற்றிக் காப்பிப் பொடி டப்பாவில் புதைத்தான். வண்டி நகரவே கூடாது.

"ஒரு போல்ட்டைக் காணோமே?" என்றான் மௌலி.

"பனியில விழுந்திருக்கும். விடு. படிக்கிற வேலையைப் பாரு."

"விடறதாவது!"

அன்று சாயங்காலம் முழுவதும் மௌலி புத்தகத்தைத் தொடவில்லை. எங்கிருந்தோ ஒரு போல்ட்டைக் கொண்டுவந்து, அரத்தால் ராவி ராவி, அதை வண்டியில் பொருத்திய பிறகுதான் ஓய்ந்தான். எங்கிருந்து என்பது சுவாமிநாதன் படுக்கப் போனபோது தெரிந்தது. கட்டிலின் கால் தனியாகப் போக, அவன் தரையில் கிடந்தான்.

"சாரிடா, சொல்ல மறந்துட்டேன்" என்றான் மௌலி. கை மட்டும் அரத்தை விடவே இல்லை.

புதன்கிழமை விடிந்தது. இனிமேல் தளர்த்திப் பயனில்லை, இறுக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது சுவாமிநாதனுக்கு.

"இன்னும் கொஞ்சம் டைட் பண்ணட்டுமா? உன் நன்மைக்குத்தான்" என்று ஸ்பேனரை வாங்கி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டான். மடக்கென்று போல்ட்டின் தலை பறந்தது. வில்பட்டை விரிந்து, சறுக்குக் கட்டை அவன் கால்மேல் விழுந்தது. வண்டி மூக்கைப் பனியில் குத்திக்கொண்டு படுத்துவிட்டது.

வலியில் உயிர் போயிற்று. மனசு மட்டும் நிம்மதியாக இருந்தது. ஒரு நிமிஷத்துக்குத்தான்.

"அப்போ நடந்தே போறேன்" என்றான் மௌலி.

"ஐயோ, வேண்டாம்! ஒம்பது கிலோமீட்டர். ஜுரம் வந்துடும். நான் போறேன், நீ படி."

"நீ போய் என் அப்பாகிட்ட என்ன பேசுவே?"

"நீ நன்னா படிக்கறேன்னு சொல்றேன்."

மௌலி உடைந்த போல்ட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிடிவாதம் பிடிப்பான் என்று எதிர்பார்த்த சுவாமிநாதனுக்கு, அவன் உடனே சம்மதித்தது ஆச்சரியமாக இருந்தது.

"சரி, போயிட்டு மெதுவாவே வா. அப்பாவை நான் கேட்டதாச் சொல்லு."

ஒன்பது கிலோமீட்டரும் சுவாமிநாதன் நொண்டிக்கொண்டே அழுதான். அழுவதற்கு இப்போதுதான் இடம் கிடைத்தது. பெரியவருக்காக அழுதான். இரண்டு நாளாகப் பொய் சொல்லி ஏமாற்றிய சிநேகிதனுக்காகவும் அழுதான். திரும்பிப் போய் 'லைன் கிடைக்கலை' என்று இன்னொரு பொய் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், டாக்டர் பட்டத்தோடு சிரித்துக்கொண்டு வருகிறவனிடம் அந்தத் தந்தியைக் கொடுக்கவேண்டும். அதை நினைத்தால் நடை ஓடவில்லை.

தபாலாபீசில் கவுன்டருக்குப் பின்னால் தபால் அம்மாள் ஃப்ராவ் ஹூபர் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். மூன்றடிக்க ஐந்து நிமிஷம்.

"சந்திரமௌலி பெயரில் இந்தியாவுக்கு ஒரு அழைப்பு இருக்கிறது. தயவுசெய்து அதை ரத்து செய்துவிடுங்கள்" என்றான் மூச்சிரைக்க.

ஃப்ராவ் ஹூபர் அவனுடைய சிவந்த கண்களையும் நொண்டிக் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதை அவரே திங்கட்கிழமை ரத்து செய்துவிட்டாரே! உங்களுக்கு ஏதாவது கெட்ட செய்தியோ என்று பயந்து உங்கள் தந்தியை இங்கேயே பிரித்தார். படித்துவிட்டு வெகுநேரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அப்புறம் என்னிடம் ஒரு புது உறை கேட்டு வாங்கி ஒட்டிக்கொண்டு போனார்."