முதலாளி காரின் பின்கண்ணாடி

கேட்காத கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லுகிறவர் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் அது நான்தான். இப்போது திருந்திவிட்டேன். யாராவது மணி என்ன என்று கேட்டால்கூடப் பக்கத்து ஆளைக் கை காட்டிவிடுகிறேன்.

அப்போது நான் லேபில் சீனியர். மேனேஜர் ஓய்வு பெற்றுப்போய் அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் நான் உட்கார்ந்தே விட்டதாக வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். (என் வீட்டுக்காரர் கறிக்கடை பாய்வரைக்கும் சொல்லிவிட்டார்.) முதலாளியும், "பார்க்கலாம் எஸ்தர், உங்கள விட்டா யாரு?" என்று சொல்லியிருந்தார். முதலாளி "பார்க்கலாம்" என்றால் அதில் நாம் பார்க்க ஒன்றும் இருக்காது என்பது அந்த வயதிலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அவர் பெங்களூரில் ஒரு பழைய வெளிநாட்டுக் கார் வாங்கி வந்தார். கூரையை மடக்கிப் பின்னால் வைத்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டே போகிற கார். ஆம்பூர் வெயிலில் தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல் போக ஆசைப்படுவதற்கும் பணம் வேண்டும்! கூரை தடித்த துணி. அதன் பின்பக்கக் கண்ணாடி, கண்ணாடியே இல்லை. வளைந்து கொடுக்கிற பிளாஸ்டிக். கூரையை மடக்கும்போது பிளாஸ்டிக் தன்மேல் தானே உரசிக் கீறல் விழுமாம்.

"மெக்கானிக் நடுவுல சுத்தமான டவல் வெச்சி மடக்க சொன்னான்" என்று முதலாளி லேப் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் இல்லை, போனில்.

"இன்னா சார், டவலா? நாமளே லெதர் பண்றோம், நம்ம காருக்குப் போயி துண்டு போடுறதா?" என்று நான் பாய்ந்தேன்.

முதலாளிக்கு அது பிடித்துவிட்டது. மெல்லிய ஆட்டுத்தோல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கருஞ்சிவப்பு. கன்னத்தில் வைத்தால் தூக்கம் வரும், அவ்வளவு மெத்தென்று இருக்கும். நானே அளவெடுத்து வெட்டினேன்.

என்னிடம் வேலை பழகிய குமரேசன் பக்கத்தில் நின்றிருந்தான். "மேடம், ஒருவாட்டி பிளாஸ்டிக் டெஸ்ட் போட்டுப் பார்த்துடலாமா?" என்றான்.

அது என்ன டெஸ்ட் என்று சொல்லிவிடுகிறேன். தோலையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேலே எடை ஏற்றிச் சூட்டில் வைப்போம். தோலின் சாயம் பிளாஸ்டிக்குக்குள் இறங்குகிறதா என்று பார்ப்போம். நான் தினமும் செய்து சம்பளம் வாங்குகிற வேலையே அதுதான்.

"நம்ம தோலை நமக்கே டெஸ்ட் பண்ணுவியா? போய் வேலையப் பாருப்பா" என்றேன்.

அடுத்த சில நாட்களுக்கு முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் கூரையை மடக்கிக் காட்டி, "என் ஐடியா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதுகூடப் பெருமையாக இருந்தது. நாற்காலி இன்னும் கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருந்தது.

பிறகு எங்களிடம் தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்தார். எங்கள் தோலின் சாயம் அவருடைய ஷூவின் வெள்ளை அடிப்பாகத்தில் இறங்குகிறது என்று ஏற்கெனவே புகார். அதை நேரில் பேசத்தான் வருகிறார். முதலாளி அவரை அழைத்துவரக் கூரையை மடக்கிக்கொண்டு சென்னை விமான நிலையத்துக்குப் போனார். திரும்பும்போது காவேரிப்பாக்கம் தாண்டியும் கொளுத்துகிற வெயில். பள்ளிகொண்டா வந்ததும் மழை. அவசரமாகத் தோலை உருவிப் போட்டுவிட்டுக் கூரையை மேலே இழுத்திருக்கிறார்.

நான் பொக்கேயோடு வாசலில் நின்றேன். கார் வந்தது. பின்கண்ணாடி முழுக்க வெற்றிலை போட்டுத் துப்பியது போல் சிவப்பு. கூரையின் எடை, வெயிலின் சூடு, நடுவில் சாயத்தோல். நான் வேண்டாம் என்ற டெஸ்டைச் சென்னை ரோடே போட்டு முடித்திருந்தது.

பையர் இறங்கி நேராகக் காரின் பின்னால் போனார். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். சிவப்பு அசையவில்லை. "இது உங்கள் தோலா?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

முதலாளி கையை நீட்டி என்னைக் காட்டினார். "எல்லாம் எங்க லேப் மேடம் ஐடியா" என்றார்.

நான் பொக்கேயை நீட்டினேன். (வேறு என்ன செய்வது?)

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. இனி டெஸ்ட் ரிப்போர்ட்டில் என் கையெழுத்துக்குப் பதில் வேறு ஒருவர் கையெழுத்து இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் பையரின் நிபந்தனை. குமரேசன் மேனேஜர் ஆனான். அவன் கெட்டவன் இல்லை. இன்றைக்கும் நான் உள்ளே போனால் எழுந்து நிற்கிறான். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் யார் பட்டுப்புடவை மடித்தாலும் என் வீட்டுக்காரர், "நடுவுல லெதர் வெக்கட்டுமா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

தொழிற்சாலையில் அந்த டெஸ்டின் பெயரே மாறிவிட்டது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தோல்துண்டோடு என்னிடம் வந்தாள். எல்லோரும் என்னை மேடம் என்றே கூப்பிடுவதால் அவளுக்கு என் பெயர் தெரியாது.

"மேடம், இதுக்கு எஸ்தர் டெஸ்ட் போடச் சொன்னாங்க. எஸ்தர்ங்கிறவங்க எந்த நாட்டு சயின்டிஸ்ட் மேடம்?"

"ஆம்பூர்தாம்மா" என்றேன். "டெஸ்ட் முடிஞ்சதும் ரிப்போர்ட்டை குமரேசன் சார்கிட்ட கையெழுத்துக்கு வெச்சிடு."