நாணயம் விழுங்கியவர்

நன்னிலம் பக்கத்து விவசாயி இராஜாங்கத்தின் வயிற்றுக்குள், அரசாங்கச் செலவில், ஒரு வடிகட்டி இருந்தது.

டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. உள்ளே ரத்தக்கசிவும் இருந்ததால் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைக் கொடுக்க முடியவில்லை. உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விடாமல் தடுக்க, வயிற்றிலுள்ள பெரிய ரத்தக்குழாயில் குடைக்கம்பி மாதிரி ஒன்றை வைத்தார்கள்.

"இது தற்காலிகம்தான்," என்றார் டாக்டர் மேகலா. "ஆபத்து தாண்டினதும் எடுத்துடணும். விட்டா கம்பி உடையலாம், நகரலாம், குழாயைக் குத்தலாம். அதுலயே ரத்தம் கட்டிக்கவும் செய்யும்."

குறுவை அறுப்பு முடிவதற்குள் இராஜாங்கம் நடமாடத் தொடங்கிவிட்டார். கம்பியை எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவரும் மனைவி மங்களாம்பிகையும் தஞ்சாவூரில் அரசுக் காப்பீட்டுத் திட்ட அலுவலர் தியாகேசன் முன்னால் போய் நின்றார்கள்.

தியாகேசன் கம்ப்யூட்டரைக் கனிவோடு பார்த்தார். "வைக்கிறதுக்குத் திட்டத்துல சிகிச்சை எண் இருக்கு. எடுக்கிறதுக்கு இல்ல."

"எடுக்கணும்னு டாக்டரே சொல்றாங்களே?"

"வழங்கிய உதவியைத் திரும்பப் பெறுவது அரசின் கொள்கை இல்லைங்க."

"உள்ள உடைஞ்சுதுன்னா?"

"கவலையே வேணாம். அதுக்குத் தனி எண் இருக்கு. நெஞ்சைத் திறக்குற வரைக்கும் இலவசம். உடைஞ்சதும் நேரா வந்துடுங்க."

அன்றிலிருந்து இராஜாங்கம் குனியவில்லை. தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டார். பார்க்கச் சகிக்காமல் மங்களாம்பிகை அவரை மறுபடி தஞ்சாவூருக்கு அழைத்துவந்தாள்.

"எதைத்தான் எடுக்க எண் இருக்கு? படிங்க சார்."

"கல்லு... ஆணி... விழுங்கிய நாணயம்..."

"அதைப் போடுங்க."

"இந்த வயசுல நாணயம் விழுங்கினாரா?"

"வெளியில எடுத்தாத்தானே தெரியும்."

இந்த வாதத்தில் விதிமீறல் எதுவும் தியாகேசனுக்குத் தென்படவில்லை. தட்டச்சு செய்தார். மேகலா அந்தத் தாளைப் படித்தார், இராஜாங்கத்தை ஏற இறங்கப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கழுத்து வழியாகக் குழாய் விட்டுக் கம்பியை முழுசாக வெளியே எடுத்தார்கள். அதன் கம்பிக் கால்களில் ஒன்று பாதிவரை விரிசல் கண்டிருந்தது. வீட்டுக்கு வந்த இராஜாங்கம் வாய்விட்டுத் தும்மினார்.

டெல்டா விவசாயிகளிடையே நாணயம் விழுங்கும் பழக்கம் பரவுவதாகத் தலைமை அலுவலகம் கவலைகொண்டது. ஊர்ச் சமுதாயக்கூடத்தில் விழிப்புணர்வு முகாம் நடந்தது. தியாகேசன் உறுதிமொழியை வாசித்தார். முன்வரிசையில் இராஜாங்கம், பின்னால் விதைக்காத வயலுக்கு வெள்ள நிவாரணம் வாங்கியவர்கள், மேடையில் அதற்குச் சான்றளித்தவர்கள். எல்லோரும் வலது கையை நீட்டி ஒரே குரலில் சொன்னார்கள்:

"நாணயத்தை ஒருபோதும் விழுங்க மாட்டோம்."

ஒருவருக்கும் தொண்டை அடைக்கவில்லை.