சனி ஆடுது, அடுப்பை அணை!

அன்று காலை பல் தேய்க்கும்போதே நான் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்துவிட்டேன். இனி என் வீட்டில் ராத்திரி அடுப்பு எரியக் கூடாது.

காரணம் சனி. ஜாதகக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும் சனி இல்லை. வானத்தில் வளையத்தோடு மிதக்கிறதே, அந்த அசல் சனி. அதைத் தொலைநோக்கியில் படம் பிடிப்பது என் பொழுதுபோக்கு. வேலை, மூக்குக்கண்ணாடிக் கடையில். பகலெல்லாம் அடுத்தவர் பார்வையைச் சரிசெய்துவிட்டு, இருட்டியதும் மூன்றாம் மாடிப் பால்கனியில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். இப்படி நிற்க ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது.

கீழ்வீட்டுப் பல் டாக்டர் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பார்.

"என்ன சார், சனி பிடிச்சுதா?"

"இன்னும் இல்ல டாக்டர். முயற்சி பண்ணிக்கிட்டிருக்கேன்."

"விடாதீங்க. உங்க முகத்தைப் பார்த்தா சீக்கிரம் பிடிச்சிடும்னு தோணுது."

பின்னால் காய்கறிப் பையோடு ஏறி வரும் என் மனைவி சும்மா இருக்க மாட்டாள். "அது எப்பவோ பிடிச்சாச்சு டாக்டர். இவருக்குத்தான் இன்னும் தகவல் வரல."

அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறாள். நான் எடுத்த சனிப் படங்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே ஒரு விமர்சனம்தான். "பித்தான்." ஒருமுறை மட்டும் கொஞ்சம் விரிவாக, "தேய்ஞ்ச பித்தான்" என்றாள்.

முந்தின வாரம்தான் கெடு வைத்திருந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க வானோக்கர் சங்கத்துல கண்காட்சின்னு சொன்னீங்களே?"

"ஆமா. ஒவ்வொருத்தரும் ஒரு படம் மாட்டணும்."

"அதுக்குள்ள ஒழுங்கா ஒரு படம் எடுங்க. இல்லேன்னா குழாய் பரணுக்கு. பால்கனி என் ரெண்டாவது தையல் மெஷினுக்கு."

"அது குழாய் இல்லம்மா, தொலைநோக்கி."

"பரணுக்குப் போனா எல்லாம் குழாய்தான்."

இங்கே என் தரப்பு நியாயத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். சனிக்கும் எனக்கும் நடுவே நூறு கோடி கிலோமீட்டருக்கு மேல் வெட்டவெளி. அதில் ஒரு தொல்லையும் கிடையாது. வில்லங்கமெல்லாம் கடைசி நாலு அடியில்தான். பால்கனியை ஒட்டி எங்கள் சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன். அடுப்பு எரிந்தால் சூடான காற்று வெளியே வந்து தொலைநோக்கியின் முன்னால் நெளியும். காற்று நெளிந்தால் சனியும் நெளியும். படம் பித்தானாகிவிடும்.

இதை நேராகச் சொல்லலாமே என்பீர்கள். ஒருதடவை சொன்னேன். "உன் சமையலாலதான் சனி ஆடுது" என்றேன். அவள் அந்த வாக்கியத்தை மட்டும் தனியாகக் கத்தரித்து எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் போனில் வாசித்துக் காட்டினாள். அன்றிலிருந்து மாமியார் என்னோடு பேசுவதில்லை. அந்த முயற்சியில் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

ஆகவே, இந்தமுறை தந்திரம்.

"பாவம் நீ, நாள் பூரா மெஷின் மிதிக்கிற. ராத்திரியும் அடுப்படியில வேகணுமா?" என்று ஆரம்பித்தேன்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வேகலேன்னா நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"பச்சைக் காய்! வெள்ளரி, கேரட், முள்ளங்கி. உடம்புக்கு அவ்வளவு நல்லதாம். ஒரு வாரம் இருந்து பார்ப்போமே."

"அதாவது ராத்திரி நம்ம வீட்டுல அடுப்பே பத்த வைக்கக் கூடாது?"

"கூடவே கூடாது."

"சரிங்க."

அவ்வளவுதான். "சரிங்க." கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம்.

திங்கட்கிழமை இரவு தட்டில் வெள்ளரிக்காய். அவளுக்குப் பசியில்லையாம், டாக்டர் வீட்டம்மாவுக்கு அளவெடுக்க வேண்டும் என்று கீழே போய்விட்டாள். நான் முயல் மாதிரி கொறித்துவிட்டுப் பால்கனிக்கு ஓடினேன். சனி ஆடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை முள்ளங்கி. சனி இன்னும் நன்றாக ஆடியது. புதன்கிழமை கேரட். எங்கள் அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனை அட்டை வைத்து அடைத்தேன். அப்படியும் ஆட்டம் நிற்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டேன். கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண் கோளாறா என்று பயம் வந்துவிட்டது. தினமும் அவளுக்குப் பசியில்லை. தினமும் டாக்டர் வீட்டம்மாவுக்கு அளவெடுப்பு. ஒரு சட்டைக்கு இத்தனை அளவா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

வியாழக்கிழமையும் சனிதான் ஆடியது. ஆனால் அன்று கூடவே ஒரு வாசனை வந்தது. வெங்காயம், பூண்டு, எண்ணெயில் பொரியும் மீன். சனி கிரகத்தில் மீன் பொரிக்க வாய்ப்பில்லை. கைப்பிடிச் சுவரில் குனிந்து பார்த்தேன். எங்கள் பால்கனிக்கு நேர் கீழே, கீழ்வீட்டுச் சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றோ சுற்றென்று சுற்றிக்கொண்டிருந்தது.

நாலு நாலு படியாக இறங்கினேன். கதவு திறந்தே இருந்தது. மேஜையில் டாக்டரும் அவர் வீட்டம்மாவும். அடுப்பங்கரையில், கையில் கரண்டியோடு என் மனைவி.

"வாங்க சார்!" என்றார் டாக்டர், வாய் நிறைய மீனோடு. "வாரம் பூரா உங்க வீட்டம்மா கைமணம்தான். என் பல்லுக்கே இப்பத்தான் நல்ல வேலை கிடைச்சிருக்கு."

"இது துரோகம்!" என்றேன் அவளைப் பார்த்து.

"என்ன துரோகம்? நம்ம வீட்டுல அடுப்பு எரிஞ்சுதா?"

"எரியல."

"சொன்ன சொல்லைக் காப்பாத்தினேனா?"

"காப்பாத்தின."

"அப்புறம் என்ன? மேல போங்க, கேரட் வாடிடும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பசியா, சனியா, எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் ஒரு துண்டு மீனைத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"உடம்புக்கு நல்லதுன்னு சொன்னப்ப உங்க கண்ணு எம்மேல இல்ல, எக்ஸாஸ்ட் ஃபேன் மேல இருந்துச்சு. ஒருநாள் அடுப்பை அணைச்சு வைம்மான்னு நேரா கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டேனா?"

"இப்பக் கேக்கறேன்" என்றேன், முள்ளை எடுத்துக்கொண்டே.

"சரி. சனிக்கிழமை ஏழு மணிக்கு ரெண்டு வீட்டு அடுப்பும் அணைஞ்சிருக்கும். அதுக்கு முன்னாடி ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து நீங்க சமைச்சு முடிச்சிடணும்."

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டேன். சோறு வைத்தேன், முட்டை அவித்தேன், உருளைக்கிழங்கு நறுக்கினேன். பாதி விரலையும் சேர்த்து நறுக்கினேன். தொலைநோக்கியை முன்கூட்டியே வெளியில் வைத்து ஆறவிட வேண்டும். "நீங்க வேலையைப் பாருங்க, நான் வைக்கறேன்" என்றாள். எனக்குக் கை ஒழியவில்லை. சமையலறையிலிருந்தே விளக்கம் கத்தினேன்.

"வீடியோவா எடுக்கணும்! அதுல ஆயிரக்கணக்குல படம் இருக்கும். ஆடாத படமாப் பொறுக்கி ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கணும்!"

"அரிசியில கல்லு பொறுக்கற மாதிரிதானே? தெரியும்."

"ஃபோகஸ் திருகாணியை மெதுவாத் திருப்பு! விரல் பட்டாலே குழாய் ஆடும்!"

"துணி கிளிப்பை மாட்டியிருக்கேன். அதோட நுனியைத் தட்டினாப் போதும்."

தொலைநோக்கிக்குத் துணி கிளிப்பா! நான் சிரித்தேன். சிரித்த வேகத்தில் எண்ணெய் தெறித்தது. மணி ஏழைத் தாண்டிவிட்டது, உருளைக்கிழங்கு இன்னும் வேகவில்லை. ஒரே ஒரு நிமிஷம் என்று தீயைக் கூட்டினேன்.

பால்கனியிலிருந்து இடி மாதிரி ஒரு குரல் வந்தது.

"ஏங்க! சனி ஆடுது! அடுப்பை அணைங்க!"

அணைத்தேன். வேகாத கிழங்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"எண்ணெய்க் கையோட எதையும் தொடாதீங்க" என்றாள். கையைக் கழுவித் துடைத்து வந்து பார்த்தால், சனி எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது. கணினித் திரையில் மட்டும் இருந்தது, அவள் பொறுக்கி அடுக்கிய படமாக. கத்தரித்து ஒட்டியது போல உருண்டை. சுற்றிலும் வளையம். வளையத்தின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு.

"பட்டியில தையல் எவ்வளவு நேரா ஓடியிருக்கு பாருங்க" என்றாள், ஆசையாக.

வளையத்தை இரண்டாகப் பிரிக்கும் இடைவெளி அது, இரண்டு வருஷமாக நான் கனவு கண்ட கோடு. வயிறெரிந்தது, அதே சமயம் அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலவும் இருந்தது. "படம் வந்துடுச்சு! கெடுவுக்குள்ள வந்துடுச்சு! என் பால்கனி தப்பிச்சுது!" என்று குதித்தேன்.

"வந்தது யார் படம்?" என்றாள்.

மறுநாள் கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முன்னால்தான் கூட்டம். சங்கத் தலைவர் கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு கீழே ஒட்டியிருந்த அட்டையைப் படித்துவிட்டு, என் கையை விட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நானும் குனிந்து படித்தேன். "படம்" என்ற இடத்தில் அவள் பெயர். "கருவிகள்" என்ற இடத்தில் தொலைநோக்கி, கேமரா, துணி கிளிப். என் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். பெயர் இல்லை, கடைசி வரியில் நான் மட்டும் இருந்தேன்: "அடுப்பை அணைத்தவர், கணவர் (கொஞ்சம் தாமதமாக)."