வால்மோர் மச்சான் மாட்டிய சுவிட்சும் என் மாபெரும் வெற்றியும்

சாவோ ஜோக்கிம்,
ஜூலை, புல்லெல்லாம் உறைபனி பூத்த காலை.

என் மனைவியின் அருமைத் தம்பியும், இத்தஜாயி துறைமுகத்தில் படகு மோட்டார் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறப்பவருமான மைத்துனர் வால்மோர் அவர்களுக்கு, அத்தான் எர்வினோ பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அக்காள் நோயெலி, மகள் மர்லீசி எல்லோரும் சுகம். சுகம் என்பதைவிட, கதகதப்பாக இருக்கிறோம் என்பதே சரி. அந்தக் கதகதப்பு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நின்றுகொண்டு படிக்க வேண்டாம், உட்கார்ந்துகொள்ளுங்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, தோட்டத்தில் கறி வெந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு கையில் பீரும் மறு கையில் திருப்புளியுமாக எங்கள் மின்பெட்டியைத் திறந்து, "அத்தான், கொஞ்சம் கரண்ட் கசிஞ்சாலும் டப்புன்னு விழுந்து உசுரக் காப்பாத்துற சுவிட்ச், என்னோட அன்பளிப்பு" என்று ஒன்றை மாட்டிக் கொடுத்தீர்கள். நாங்களும் கை தட்டினோம். கிறிஸ்துமஸிலிருந்து மார்ச் வரை கோடை முழுக்கப் பச்சைத் தண்ணீரிலேயே குளித்ததால் ஒரு வில்லங்கமும் தெரியவில்லை. மே மாதம் முதல் உறைபனி விழுந்த அன்று, உங்கள் அக்காள் தலை நிறைய சோப்பைப் போட்டுக்கொண்டு, ஷவர் ஹீட்டரின் பிடியை 'குளிர்காலம்' பக்கம் திருப்பினாள். டப்! வீடே இருட்டு. உள்ளேயிருந்து அவள் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சாதாரணக் காலமாக இருந்தால் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி ஊற்றிக்கொண்டு சமாளித்திருப்போம். ஆனால் மர்லீசி கட்டிக்கொள்ளப் போகும் பையன் ஜெயில்சன், ஆப்பிள் பறிப்புக்கென்று வடக்கே வெயில் கொளுத்தும் சியராவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவன், உங்களுக்குத் தெரியும். அவன் அம்மா டோனா ஹைமுண்டா, இந்தக் குளிரில் தன் பிள்ளை உயிரோடு இருப்பானா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று கிளம்பிவிட்டார். பிடிக்கவில்லையென்றால் கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு பேரையும் தன் ஊரான சோப்ராலுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவாராம். அது நாட்டின் மறுகோடி. இருப்பது ஒரே மகள் மச்சான். அவளைப் பார்க்க நான் விமானம் ஏற வேண்டும், எனக்கு ஏணி ஏறினாலே தலை சுற்றும். வீட்டுக்குள் காலெடுத்து வைத்த விருந்தாளியிடம் நாம் முதலில் கேட்பதே 'குளிக்கிறீங்களா?' என்பதுதான். அந்தக் குளியலிலேயே வீடு இருண்டால், என் மகளும் போனாள்.

உடனே உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் சொன்னதை மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை.

"அத்தான், அந்த சுவிட்சக் கழட்டித் தூரப் போடுங்க. ஊருல எவன் அத வச்சிருக்கான்?"

"ஏன்யா, உசுரக் காப்பாத்தும்னு நீதான மாட்டின?"

"மாட்டுறப்ப ஹீட்டர் ஞாபகம் வரலையே."

சரியென்று இரும்புக்கடை நீலோவிடம் போனேன். அவன் ஒரு படி மேலே போய், "எர்த்துக்குப் போற பச்சை ஒயர நறுக்கி விட்டுருங்க, அப்புறம் விழவே விழாது" என்றான். "விழலைன்னா கசியாதா?" என்றேன். "கசியும். ஆனா சொல்லாது" என்றான், ஏதோ தள்ளுபடி கொடுப்பதுபோல. எனக்கு வந்ததே கோபம்! என் மகள் ஈரக்காலோடு நிற்கிற இடத்தில் வாய் பேசாத மின்சாரமா? அந்தச் சுவிட்சும் இருக்கும், வெந்நீரும் வரும், இரண்டையும் செய்து காட்டாவிட்டால் நான் எர்வினோ இல்லை என்று கடையிலேயே சபதம் போட்டுவிட்டேன். நாலு பேர் இருந்தார்கள், திரும்ப எடுக்க முடியாது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்க. முதல்ல பிரிட்ஜ் மேல சந்தேகப்பட்டு அதப் பிடுங்கி வச்சேன், பீன்ஸ் ஒரு பானை ஊசிப்போச்சே தவிர சுவிட்ச் விழுறது நிக்கல, உங்க அக்கா ஒரு வாரம் எங்கூட பேசல, பேசாம இருந்ததுல எனக்கு வேலை சுறுசுறுப்பா நடந்துச்சு, வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் ஒண்ணொண்ணா அணைச்சுட்டு ஹீட்டர மட்டும் போட்டேன், டப். சரி, ஹீட்டருக்குள்ள தண்ணியில அம்மணமா கிடக்கிற கம்பிச்சுருள்தான் கசியுதுன்னு, உறை போட்ட சுருளா ஒண்ணு வாங்கி மாட்டினேன், டப். ஹீட்டரையே தூக்கிட்டுப் புதுசு மாட்டினேன், அப்பவும் டப். நான் இடுப்புல துண்டோட ஷவருக்குக் கீழ நின்னு "இப்ப?"ன்னு கத்துவேன், உங்க அக்கா மின்பெட்டிக்குப் பக்கத்துல நின்னு "போச்சு!"ன்னு கத்துவா. "இப்ப?" "போச்சு!" தெருவுல போறவங்க நின்னு கேட்டுட்டுப் போனாங்க. ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுக்காரர் உங்க அக்காவுக்கு முன்னாடியே "போச்சு" சொல்ல ஆரம்பிச்சுட்டார்.

அந்தத் துண்டோடு நடுங்கி நின்றபோதுதான் மூளை வேலை செய்தது. நான் ஆப்பிள் குளிர்கிடங்கில் ஆயுள் முழுக்கக் கணக்குப் பார்த்தவன். முன்வாசலில் ஒரு காவலாளி. வெளியே போன காலிப்பெட்டி எல்லாம் அதே வாசலில் திரும்பி வந்தால் சும்மா இருப்பான். ஒன்று குறைந்தாலும் திருட்டு என்று கேட்டை இழுத்துச் சாத்துவான். இந்தச் சுவிட்சும் அதே காவலாளிதான், பெட்டிக்குப் பதில் மின்சாரம். ஹீட்டரையே மாற்றியும் கத்துகிறான் என்றால் ஒரு பெட்டியும் திருட்டுப் போகவில்லை, யாரோ கொல்லைப்புறமாக உள்ளே கொண்டுவருகிறார்கள்! மெயினை அணைத்துவிட்டு மின்பெட்டியைத் திறந்து, ஹீட்டரிலிருந்து திரும்பி வரும் நீல ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது உங்கள் சுவிட்சுக்குள் நுழையவே இல்லை மச்சான்! நல்ல பிள்ளைபோல ஒதுங்கி, நேராக வெளியிலிருந்து வரும் ஒயரில் போய்ச் சேர்ந்திருந்தது. சேர்த்தவர் யார்? ஒரு கையில் பீர் வைத்திருந்தவர்.

ஒயரை எடுத்துச் சுவிட்சுக்குள் அதன் இடத்தில் முடுக்கினேன். மெயினைப் போட்டேன். பிடியைத் திருப்பினேன். "இப்ப?" என்றேன். பதில் இல்லை. "இப்ப?" மறுபடியும் இல்லை. விளக்கு எரிகிறது, தலையில் வெந்நீர் கொட்டுகிறது, உங்கள் அக்காள் பெட்டியடியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் கை தட்டினார். நானும் அழுதேன், ஷவரில் நின்றதால் தெரியவில்லை. குளித்து முடித்ததும் பிடியைப் பத்திரமாகப் பச்சைத் தண்ணீர்ப் பக்கமே திருப்பி வைத்தேன், அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அதுவே சட்டம்.

டோனா ஹைமுண்டா வந்து இறங்கினார். 'குளிக்கிறீங்களா?' என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன். அன்றிலிருந்து அவர்கள் ஊர் வழக்கப்படி காலை, மதியம், மாலை என்று குளித்துத் தள்ளுகிறார். உங்கள் சுவிட்ச் அசையவில்லை. ஒவ்வொரு முறையும் கன்னம் சிவந்து, தோளில் ஆவி பறக்க வெளியே வருகிறார். அதைப் பார்க்கும்போது எனக்கு வரும் பெருமையை எழுத்தில் அடக்க முடியாது. ஆகவே, 'கழட்டித் தூரப் போடுங்க' என்ற ஆலோசனையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு வரும்போது திருப்புளியை வீட்டில் விட்டுவிட்டு வரவும்.

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பும் முத்தங்களும். உங்கள் வீட்டில் எந்நாளும் விளக்கும் வெந்நீரும் ஒன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வெற்றி வாகை சூடிய அத்தான்,
எர்வினோ.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் டோனா ஹைமுண்டா விறகடுப்புப் பக்கத்து மேஜைக்கு வந்து எங்கள் இருவரோடும் உட்கார்ந்தார்.

"சம்பந்தி, வந்த அன்னைக்கு வாசல்லயே 'ஹீட்டர்ல யாரும் கை வச்சிராதீங்க, நான் ராத்திரி பகலா சரி பண்ணினது'ன்னு சொன்னீங்கள்ல? நானும் அந்தப் பிடியத் தொடவே இல்ல. இந்தக் குளிர்ல இப்படி ஐஸ் தண்ணியில குளிக்கிற சனமான்னு முதல் நாள் உங்களைத் திட்டுனேன். ரெண்டாவது நாள் கடவுளத் திட்டுனேன். ஆனா இப்பப் பாருங்க, முட்டிவலி போன இடம் தெரியல! இப்படி உடம்ப வைரம் பாய வைக்கிற ஊர விட்டுட்டு எம்புள்ளைய ஏன் அந்த வெயில்ல கொண்டுபோய் வேக வைக்கணும்? ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும்."

"டோனா ஹைமுண்டா, அந்தப் பிடிய..." என்று நான் வாயைத் திறந்ததும், மேஜைக்கடியில் உங்கள் அக்காள் என் காலை மிதித்தாள். வலி இன்னும் போகவில்லை.

இந்த வீட்டில் வெந்நீர் வரும் என்று அவருக்குத் தெரிந்தால் என் மகள் போனாள். நேராக மின்பெட்டிக்குப் போய், ஹீட்டருக்கென்று இருக்கும் தனி சுவிட்சை என் கையாலேயே அணைத்துவிட்டேன். அவர் ஊருக்குக் கிளம்பும்வரை இந்த வீட்டில் ஒரு சொட்டு வெந்நீர் கிடையாது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அடுத்து குளிக்க வேண்டியது நான். சம்பந்தியம்மாள் துண்டை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.