ஒரு சுற்று, பதினொரு திருத்தம்

"பரிசல் சுத்தணும் பாப்பா. வேற ஒண்ணும் வேணாம்."

"அவ்வளவுதானுங்களா சார்? அரை மணி நேர வேலைங்க."

மூன்று வாரத்துக்கு முன் நடந்த இந்தப் பேச்சை நினைத்தால், ஷாஹீனுக்குத் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

ஓசூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தருமபுரியில் வீட்டிலிருந்தே வெப்சைட் செய்யத் தொடங்கிய அவளுக்கு வந்த முதல் வேலை இது. ஒகேனக்கல்லில் சவுரியப்பன் நடத்தும் லாட்ஜுக்கு ஒரு வெப்சைட். பக்கத்தைத் திறந்ததும் ஒரு பரிசல் தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றி நிற்க வேண்டும். அவர் சரியென்றால், பக்கத்தின் அடியில் 'வடிவமைப்பு: ஷாஹீன்' என்று போட்டுக்கொள்ளலாம். கம்பெனியில் ஆறு வருடம் செய்த எதிலும் அவள் பெயர் வந்ததில்லை.

முதலில் ஒரே வேகத்தில் சுற்றவிட்டாள். போன் வந்தது.

"என்ன பாப்பா, கிரைண்டர் மாதிரி சுத்துது? வயித்தப் பெரட்டுது."

நியாயம்தான். எந்தப் பொருளும் எடுத்த எடுப்பில் முழு வேகம் பிடிப்பதில்லை, சட்டென்று நின்றுவிடுவதுமில்லை. வேகம் மெல்ல ஏறி மெல்ல இறங்கினால்தான் கண்ணுக்கு இதம். அவள் தொழிலில் அதற்கு ஈசிங் என்று பெயர். தொடக்கத்தை மட்டும் மெதுவாக்கி அனுப்பினாள்.

"கெளம்பறது நல்லாத்தான் கெளம்புது. நிக்கறப்ப பாறையில மோதுன மாதிரி நிக்குதே! உள்ள இருக்கறவன் என்னத்துக்கு ஆவான்?"

"உள்ள யாருமில்லீங்க சார். அது படம்."

"இருந்தா?"

முடிவில் கொஞ்சம் தாண்டிப் போய், பின்வாங்கி நிற்கும்படி மாற்றினாள். கம்பெனியில் எல்லோரும் மெச்சிய வித்தை அது.

"போயிட்டு எதுக்குத் திரும்பி வருது? யாரையாச்சும் ஆத்துல விட்டுட்டாங்களா?"

ஷாஹீன் போனைக் கட்டிலில் எறிந்தாள். "ஆறு வருசமா இதையே பண்றேன். எனக்கே பாடம் எடுக்கறாருங்க!"

"மெதுவாச் சுத்த விட்டுடு, தீந்துச்சு" என்றான் அவள் கணவன் தௌபிக், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

அந்த எரிச்சலிலேயே ஒரு சுற்றைப் பத்து விநாடிக்கு இழுத்துவிட்டாள்.

"பாப்பா, நெட்டு நின்னுபோச்சா?"

பதினொன்றாவது திருத்தத்தில் அவர், "கவுந்துடாதுல்ல?" என்று கேட்டார். ஷாஹீன் லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பென்னாகரம் தாண்டி மலை இறங்கும்போது, டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை மெல்லத் திருப்பி மெல்ல நிமிர்த்தினார். அவரிடம் மட்டும் யாரும் திருத்தம் கேட்கவில்லை என்பது அவள் கோபத்தை இன்னும் கூட்டியது.

லாட்ஜுக்குள் நுழைந்ததும் சவுரியப்பனின் மேசை முன் போய் நின்றாள். "சார்! இருபது வருசமா லாட்ஜ் நடத்தறீங்க. எதுத்தாப்புல ஆறு. வாங்க, இப்பவே பரிசல்ல ஏறுவோம். எப்படிச் சுத்தணும்னு காட்டுங்க, அதே மாதிரி செஞ்சு தரேன்."

சவுரியப்பனின் முகம் வெளுத்தது. "இப்பவா? கெஸ்ட்டு வர்ற நேரம் பாப்பா..."

அவர் முதுகுக்குப் பின்னால் எல்லா அறைச் சாவிகளும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஷாஹீன் அங்கேயே உட்கார்ந்து, கீபோர்டு கதறக் கதறத் தட்டினாள். தொடக்கம் மெல்ல. நடுவில் வேகம். பரிசல் எப்போது நின்றது என்றே தெரியாத முடிவு. திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

சவுரியப்பன் இரண்டு கைகளாலும் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மறுபடியும் பார்த்தார். ஏழாவது முறை ஒரு கையை எடுத்தார். பன்னிரண்டாவது முறை இன்னொன்றையும் எடுத்தார்.

"இதான் பாப்பா! எனக்கு ஒண்ணுமே பண்ணல. உன் பேரப் போட்டுக்க."

பெயர் கிடைத்த மகிழ்ச்சியைவிட, அந்த விளிம்பில் பதிந்திருந்த வியர்வைதான் அவள் கண்ணில் பட்டது.

"சார்... நீங்க பரிசல்ல ஏறுனதே இல்லீங்களா?"

"தண்ணின்னா பயம்" என்றார் தாழ்ந்த குரலில். "கல்யாணமான நாள்லேர்ந்து எங்க வூட்டுக்காரி 'ஒருவாட்டி வாங்க, ஒருவாட்டி வாங்க'ன்னு கூப்புடறா. நானும் ஏதாச்சும் சாக்குச் சொல்லிக்கிட்டே வந்தேன். படத்துல பழகிக்கிட்டா, நானே அவளக் கூப்புடலாம்னு பாத்தேன்."

மூன்று வாரக் கோபமும் எங்கே போனதென்று ஷாஹீனுக்குத் தெரியவில்லை. "அப்பக் கூப்பிடுங்க சார்."

அவர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "செல்லி!"

கையெல்லாம் மீன் மசாலாவோடு சமையலறையிலிருந்து வந்து நின்றாள் செல்லி.

"செல்லி... இன்னிக்குப் பரிசல்ல போலாம். என்கூட வரியா?"

செல்லி ஆற்றைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரையின் பக்கம் நகர்ந்து, பக்கத்திலிருந்த நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வரமாட்டீங்கங்கற தைரியத்துலதானே இத்தன வருசமாக் கூப்புட்டேன்! பாப்பா, இத இன்னுங் கொஞ்சம் மெதுவாச் சுத்த வுடேன், நானும் பழகிக்கறேன்."