டவர்லைட்டும் என் கறுப்பு டேப்பும்

விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்பது இந்த உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பிய மனிதர் டவர்லைட். அது உண்மையாகவும் இருந்து தொலைத்ததுதான் என் வயிற்றெரிச்சல்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்தது அவருடையது. மைன்ஸில் ராத்திரி ஷிப்டுக்காக உயரமான கோபுர விளக்குகளை நிறுத்துவது அவர் வேலை. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால், டாக்டரின் விளக்கை ஒரு சாண் நகர்த்திவிட்டுத்தான் திறப்பார். ஒரு கல்யாண வரவேற்பில் வீடியோக்காரர் கையிலிருந்த விளக்கைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலி மேல் ஏறியவர், இரண்டு மணி நேரம் இறங்கவே இல்லை. வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். அந்த ஆல்பத்தைப் பார்த்திருக்கிறேன். டவுன்ஷிப்பிலேயே அப்படி ஒன்று கிடையாது. என் மகள் கல்யாண ஆல்பத்தில் நான் நெற்றி மட்டும் பளபளக்க, பிடிபட்ட திருடன் மாதிரி நிற்கிறேன்.

எங்கள் பின்பக்கத்தில் ஒரு பலா மரம். பழம் பழுத்தால், விடிவதற்குள் ஏதோ வந்து பாதியைத் தின்றுவிட்டுப் போய்விடும். ஆளா, மிருகமா என்று கண்டுபிடிக்க ஒயர் இல்லாத காமிரா ஒன்றை வாங்கி சன்ஷேடுக்கு அடியில் மாட்டினேன். கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் விளக்கு அதிலேயே இருக்கிறது, இருட்டிலும் படம் பிடிக்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. காலையில் போனில் பார்த்தால், வேட்டி காயப்போட்ட மாதிரி ஒரே வெளுப்பு. நடுவில் ஒரு சிலந்தி, யானை அளவுக்கு.

அதே வாரம் டவர்லைட்டும் ஒரு மலிவான காமிராவை மாட்டினார். மறுநாள் அவர் போனில், அவர் வீட்டுக் கொய்யா மரத்தில் ஒரு மரநாய் நின்றது.

"ஏங்க, அது மீசையைக்கூட எண்ணலாம் போலருக்கே," என்றாள் என் மனைவி. என் மீசையை அவள் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

டவர்லைட் என் சன்ஷேடை அண்ணாந்து பார்த்தார். "லைட்டும் காமிராவும் ஒட்டிக்கினு இருக்குது சார். கிட்ட இருக்கற செவுரு, தூசி, நூலாம்படை எல்லாம் வெளிச்சத்த வாங்கி திருப்பி மூஞ்சிலயே அடிக்குது. அந்த லைட்ட மூடிடுங்க. தனியா ஒரு இன்ஃப்ராரெட் லைட்ட வாங்கி, பத்தடி தள்ளி, மரத்தப் பாத்தாப்ல வச்சிடுங்க. நான் வேணா வச்சித் தரட்டுங்களா?"

"பாக்கலாம்," என்றேன். இதை என் மனைவி எதிரிலா சொல்ல வேண்டும்? அவர் வைத்த வெளிச்சத்தில் நான் மரநாய் பார்ப்பதைவிடப் பழமே போகட்டும் என்றிருந்தது.

இருந்தாலும் யாரும் பார்க்காத நேரத்தில் ஏணி போட்டு, காமிராவின் விளக்கு மேல் மட்டும் கறுப்பு டேப் ஒட்டினேன். தனி விளக்கு ஏதும் வாங்கவில்லை. இரண்டு நாள் படம் ஒரே கறுப்பு. மூன்றாம் நாள் காலை போனைத் திறந்தால், பலா மரம் இலை இலையாகத் தெரிந்தது. அடிமரத்தில் மரநாய் உட்கார்ந்து சாவகாசமாகச் சுளை தின்றுகொண்டிருந்தது. மீசை டவர்லைட் வீட்டு மரநாயைவிட நீளம். பெரிதாக்கி ஒப்பிட்டுப் பார்த்தேன்.

டேப்பின் பசை காய இரண்டு நாள் ஆகிறது என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. "லைட்டே வேண்டாம். காமிராவுக்கு இருட்டப் பழக்கணும், அவ்வளவுதான்," என்று ரேஷன் கடை வரிசையில்கூட விளக்கினேன். கேட்டு ஒட்டிய மூன்று பேருக்குப் படம் கறுப்பாகவே வந்தது. மட்டமான டேப் என்றேன். டவர்லைட்டுக்கே ஒரு நாள் அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"அப்பிடிங்களா சார். டேப்புலயே இவ்ளோ இருக்குதுங்களா."

அந்த மனிதரை ஒரு விஷயத்திலாவது தோற்கடித்த சந்தோஷத்தில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. போன மாதம் அவர் ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாண்டிக்குப்பம் போனார். அவர் போனதிலிருந்து என் படம் கறுப்பு. டேப்பை மாற்றினேன். இரண்டு நாள் பொறுத்தேன். டேப் வாங்கும் கடையையே மாற்றினேன். கறுப்புதான்.

கடைசியாகத் தெளிவாக இருந்த படத்தைத் தேடி எடுத்தேன். அவர் கிளம்புவதற்கு முதல் நாள், நாங்கள் வடலூர் போயிருந்தபோது, இருட்டிய பிறகு பதிவானது. கையில் ஸ்பேனருடன் டவர்லைட் என் பலா மரத்தடியில் நிற்கிறார். சட்டைப் பித்தானைக்கூட எண்ணலாம். என் காமிராவைப் பார்த்து ஒரு கும்பிடு போடுகிறார். பிறகு இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர்ப் பக்கம் நகர்ந்து படத்தைவிட்டுப் போகிறார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கறுப்பு.

பின்பக்கம் ஓடிப்போய்ச் சுவரில் படர்ந்திருந்த கோவைக்கொடியை விலக்கிப் பார்த்தேன். காமிராவிலிருந்து சரியாகப் பத்தடி தள்ளி, நான்கு போல்ட் துளைகள்.

இரண்டு வருஷமாக அவர் வீட்டுக் கரண்டில் என் மரநாய் தெரிந்திருக்கிறது. போதாததற்கு என் வகுப்பை வேறு நின்று கேட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் போன் செய்தேன், வாயில் வந்தது வேறு.

"காமிராவுல படமே வரல சார்."

"டேப்ப மாத்திப் பாத்தீங்களா?"

அந்தப் பக்கம் அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"வூட்ட ஒப்படைக்கறப்ப செவுத்துல ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னாங்க சார், அதான் கழட்டிட்டேன். லைட்டு எங்கிட்டதான் இருக்குது. ஞாயித்துக்கெழம எடுத்துக்கினு வரேங்க."

மரத்தில் ஒரு பழம் வாசனை அடிக்க ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கே அறுத்துவிடலாம் என்கிறாள் மனைவி. நான் கேட்கவில்லை. இரண்டு ராத்திரியாக மரத்தடியில் நாற்காலி போட்டு நானே உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டவர்லைட் வந்து அறுக்கும்வரை அந்தப் பழத்தை மரநாய்க்கு விடுவதாக இல்லை.