கிழக்கு பார்த்த வளை

ஒரு காட்டில், அதுவும் நம்மைப் போலவே வாடகை வீட்டுக்கு நாயாய் அலையும் மிருகங்கள் நிறைந்த காட்டில், சிங்காரம் என்றொரு நரி வீட்டுப் புரோக்கராகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. பொய் எழுதுவதில் அதற்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. மழைக்கு மூழ்கும் பொந்தை 'வற்றாத தண்ணீர் வசதி' என்று எழுதும். கூரை இடிந்த குகை என்றால் 'நல்ல காற்றோட்டம்'. எழுதியதைத் தானே இரண்டு தடவை படித்து ரசித்துவிட்டுத்தான் மரத்தில் மாட்டும்.

அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. வீட்டின் குறையை மறைத்து விளம்பரம் எழுதும் புரோக்கரின் வால் நறுக்கப்படும் என்று சிங்கராஜா உத்தரவு போட்டுவிட்டார். சிங்காரத்துக்கு வால் என்றால் உயிர். கையில் அப்போது இருந்ததோ முள்ளம்பன்றிக்குச் சொந்தமான ஒரே ஒரு வளை. அழாத குறையாக உண்மையை எழுதி ஆலமரத்தில் மாட்டியது: "மழை பெய்தால் உள்ளே தண்ணீர் வரும். மேல்மண் உதிரும். கிழக்கே அடுத்த வளையில் மலைப்பாம்பு குடியிருக்கிறது. வாசல் தெற்கு."

இனி ஈ காக்கை வராது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தது. கூட்டமே வந்தது. தண்ணீரைப் படித்துத் தலையாட்டியது, பாம்பைப் படித்துத் தலையாட்டியது, கடைசி வரியைப் படித்ததும் அலறிக்கொண்டு ஓடியது.

"தெக்குப் பார்த்த வாசலா? புள்ளகுட்டிக்காரங்க குடியிருக்க வேணாமாய்யா?" என்று ஒரு பெருச்சாளி சண்டைக்கே வந்துவிட்டது.

சிங்காரத்துக்கு வயிறு எரிந்தது. பாம்பை மறைக்க இத்தனை வருஷம் மூளையைக் கசக்கியதெல்லாம் வீணா? ஆனால் அடுத்தவரைக் குறை சொல்ல அதற்கும் வாயில்லை. தன் குகையின் விசாலமான வாசலை அடைத்துவிட்டு, கிழக்கே ஒரு சந்து தோண்டி, அதன் வழியாகத்தான் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குள் போகிறது.

முள்ளம்பன்றி தெற்கு வாசலை மூடிவிட்டுக் கிழக்கே புதிதாகத் தோண்டியது. சிங்காரம் போர்டைத் திருத்தியது: "வாசல் கிழக்கு. அது மலைப்பாம்பின் வளைக்குள் திறக்கிறது."

அன்றைக்கே பூங்கோதை என்ற முயல், கணவனோடும் குட்டிகளோடும் வந்து நின்றது.

"கிழக்குதானே? அட்வான்ஸ் வாங்கிக்குங்கண்ணே."

குட்டிகளைப் பார்த்ததும் சிங்காரத்துக்கு மனசு கேட்கவில்லை. "போர்டை முழுசாப் படிச்சியாம்மா? வாசல்லயே பாம்பு இருக்கு. முழுங்கிடும்!"

பூங்கோதை கணவனிடம் கிசுகிசுத்தது. "பாத்தீங்களா, வேற யாருக்கோ பேசி முடிச்சிட்டாரு. நம்மள வெரட்டப் பாக்குறாரு."

"சத்தியமா இல்லம்மா! வேற நல்ல எடமாக் காட்டுறேன். எனக்குக் கமிஷனே வேணாம்."

"புரோக்கரே கமிஷன் வேணாங்கிறாருன்னா, இது எப்பேர்ப்பட்ட வீடா இருக்கணும்!" என்றது கணவன் முயல்.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக் குடிபோனார்கள். மறுநாள் வளையில் பேச்சு மூச்சில்லை. மலைப்பாம்பு மட்டும் வெளியே நெளியக்கூட முடியாமல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

சிங்காரம் தேம்பித் தேம்பி அழுதது. பிறகு போர்டை எடுத்தது. இந்தத் தடவை வாலுக்குப் பயந்து எழுதவில்லை. இன்னொரு குடும்பமாவது பிழைக்கட்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதியது: "முன்பு குடியிருந்த முயல் குடும்பத்தைப் பாம்பு விழுங்கிவிட்டது. தயவுசெய்து யாரும் வராதீர்கள்."

காலையில் ஆலமரத்தடியில் வரிசை நின்றது. முதல் ஆளாக நின்ற காட்டெலி போர்டை உரக்கப் படித்து, உச்சுக் கொட்டியது.

"பாவம், ராகு காலத்துல பால் காய்ச்சியிருப்பாங்க. நாங்க நேரம் குறிச்சிட்டுதான் வந்திருக்கோம். அட்வான்ஸைப் பிடிங்க."

நீதி: உண்மையைத் தாராளமாகச் சொல்லுங்கள், யாராவது காதில் போட்டுக்கொண்டுவிடுவார்களோ என்ற பயமே வேண்டாம்.